மோட்டாரைத் தொடாத ஆய்வு வேண்டாம்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் மின்னியல் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்



காகுப்பத்தில் இருக்கும் விழுப்புரம் பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரியிலும், மேல்பாக்கத்தில் இருக்கும் திண்டிவனம் பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரியிலும், நெடுஞ்சாலை ஓரத்துத் தனியார் கல்லூரிகளிலும், பாலிடெக்னிக்குகளிலும் மின்னியல், மின்னணுவியல் படிக்கும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். திண்டிவனம் அரசு கலைக் கல்லூரியில் இயற்பியல் படிப்பவர்களும் ஓரமாக உட்கார்ந்து கேட்கலாம். விஷயம் அவர்களுக்கும் ஆகும்.

நான் ஒலக்கூர் பக்கத்துக்காரன். எம்.இ.யில் பவர் எலக்ட்ரானிக்ஸ் அண்ட் டிரைவ்ஸ் படித்தேன். அதற்குப் பிறகு மோட்டார் கன்ட்ரோலில் முனைவர் ஆய்வு செய்து, இப்போது ஒரகடம் பக்கம் அதே வேலையில் இருக்கிறேன். ஊருக்கு வரும்போதெல்லாம் உங்களில் யாராவது கேட்பது இதைத்தான்: "அண்ணா, ட்ரிபிள்-இ எடுத்துட்டேன். ஐ.டி.க்குப் போயிடட்டுமா, இல்ல எம்.இ. பண்ணலாமா?" டீக்கடையிலும் கல்யாண மண்டபத்திலும் அவசரமாகச் சொன்ன பதிலை ஒருமுறை ஒழுங்காகச் சொல்லிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

ஐ.டி.க்குப் போகிறவர்கள் போகட்டும். வீட்டில் கல்விக்கடன் இருக்கும்போது முதல் சம்பளம் எங்கே சீக்கிரம் வரும் என்று பார்ப்பதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் மோட்டார் பிடித்துப்போய், அதை ஏன் இப்படி ஓட்டுகிறார்கள், வேறு மாதிரி ஓட்ட முடியாதா என்று யோசிக்கிறவர் உங்களில் இருந்தால், ஆய்வுப் படிப்பு வழியாக இந்தத் துறைக்குள் வரலாம். ஒரே ஒரு நிபந்தனை வைக்கிறேன். தலைப்பு எதுவானாலும், ஆய்வு முடிவதற்குள் ஒரு நிஜ மோட்டார் உங்கள் மேஜைமேல் சுற்ற வேண்டும்.

மோட்டார் கொட்டகையிலிருந்தே தொடங்குகிறேன். உங்களில் பாதிப் பேர் வீட்டில் கரும்போ மணிலாவோ நெல்லோ இருக்கும். கிணற்றுமேட்டில் 5 எச்.பி. மோட்டார் இருக்கும். அதன் பெயர்ப்பலகையில் 3.7 கிலோவாட், 415 வோல்ட், 1440 ஆர்.பி.எம். என்று போட்டிருக்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நான்கு துருவ மோட்டாரின் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1500 முறை சுற்றுகிறது. ரோட்டார் 1440 முறைதான். பின்தங்கும் அந்த 60 சுற்று இல்லையென்றால் முறுக்குவிசையே கிடையாது. 'ஸ்லிப்' என்று எழுதி இரண்டு மார்க் வாங்கியிருப்பீர்கள். அது உங்கள் கொட்டகையில் நாள்தோறும் நடக்கிறது.

நேரடியாக சுவிட்சைப் போட்டால் முழுச்சுமையில் எடுப்பதைப்போல 6, 7 மடங்கு கரண்ட் பாயும். அதற்காகத்தான் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர். ஸ்டாரில் லைன் கரண்ட் மூன்றில் ஒரு பங்காகிறது. கூடவே முறுக்குவிசையும் மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. பாரமான பம்பு ஸ்டாரில் முனகிக்கொண்டிருந்துவிட்டு டெல்டாவுக்கு மாறியதும் ஒரு உதறு உதறி ஓடுகிறதே, அது இதனால்தான். உங்கள் அப்பா அந்தச் சத்தத்தைக் கேட்டே மோட்டாரின் உடம்பு எப்படியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். அவர் காதால் செய்வதை நாங்கள் ஆய்வகத்தில் கரண்ட் சென்சாரால் செய்கிறோம். 'கண்டிஷன் மானிட்டரிங்' என்ற பெயரில் அதற்குத் தனிப் பத்திரிகைகளே நடக்கின்றன.

அடுத்து காயில் கட்டும் கடை. திண்டிவனத்திலும் செஞ்சியிலும் விக்கிரவாண்டியிலும் வைண்டிங் கடை இல்லாத தெரு குறைவு. என் கணக்கில் இந்த வட்டாரத்தின் சிறந்த மோட்டார் ஆய்வகங்கள் அவைதான். எரிந்த மோட்டாரைத் திறந்தவுடன் மேஸ்திரி காரணம் சொல்வார். ஸ்டாரில் கட்டிய மோட்டார் ஒரு ஃபேஸ் இல்லாமல் ஓடியிருந்தால் இரண்டு ஃபேஸின் காயில்கள் கருகியிருக்கும், ஒன்று புதுசு போல இருக்கும். டெல்டாவில் கட்டியதாக இருந்தால் ஒன்று மட்டும் கருகி, இரண்டு தப்பித்திருக்கும். மூன்றும் ஒரே மாதிரி கருகியிருந்தால் பம்பு இறுகிப்போயிருக்கும், அல்லது ஓவர்லோடு. ஒரு ஃபேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் ப்ரிவெண்டர் 'தொல்லை கொடுக்குது' என்று அதைத் தாண்டி ஒயரை இழுத்துவிட்டு, கெபாசிட்டர் போட்டு இரண்டு ஃபேஸில் ஓட்டியவரின் முகம்கூட அவருக்குத் தெரியும். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட விவசாய மின் இணைப்புகள் இருக்கின்றன, எல்லாம் இலவசம். மின்சாரத்துக்குக் காசில்லை என்பதால் அந்த மோட்டார்கள் எவ்வளவு வீணடிக்கின்றன என்று யாரும் அளக்க அக்கறைப்படவில்லை என்பது என் எண்ணம். அதனால்தான் எரிந்த காயிலைத் தவிர வேறு பதிவே இல்லை.

கொட்டகையை விட்டு விழுப்புரம் ஜங்ஷனுக்கு வாருங்கள். மோட்டாரைக் கட்டுப்படுத்தும் கலை அறுபது ஆண்டுகளில் எப்படி மாறியது என்பதை இந்த ஒரே தண்டவாளத்தை வைத்துச் சொல்லிவிடலாம். 1960களின் நடுவில் தாம்பரம் – விழுப்புரம் பாதை 25,000 வோல்ட் ஏசி மின்சாரத்துக்கு வந்தது. அப்போது அது மீட்டர் கேஜ். சென்னை கடற்கரையிலிருந்து விழுப்புரம் வரையான தடம் தவிர இந்தியாவில் வேறெங்கும் மீட்டர் கேஜில் மின்சார ரயில் ஓடியதில்லை. ஜப்பானில் செய்த ஒய்ஏஎம்-1 என்ஜின்கள் இழுத்தன. மேலே கம்பியில் ஏசி, கீழே சக்கரத்தில் டிசி மோட்டார். வேகத்தை மாற்ற டிரான்ஸ்ஃபார்மரின் டேப்பை நாட்ச் நாட்சாக மாற்ற வேண்டும். அகல ரயில்பாதை வந்த பிறகும் டபிள்யூஏபி-4 போன்ற என்ஜின்களில் நெடுங்காலம் இதே முறைதான். டிசி மோட்டாரைக் கட்டுப்படுத்துவது சுலபம். ஆனால் கம்யூட்டேட்டரும் கார்பன் பிரஷும் தேயும், பொறி பறக்கும், ஷெட்டுக்கு அடிக்கடி போக வேண்டும்.

1990களின் நடுவில் ஏபிபி நிறுவனத்திடமிருந்து மூன்று ஃபேஸ் தொழில்நுட்பம் இந்திய ரயில்வேக்கு வந்தது. இன்று விழுப்புரத்தில் வந்து நிற்கும் டபிள்யூஏபி-7 என்ஜினில் ஆறு இண்டக்‌ஷன் மோட்டார்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 850 கிலோவாட். உங்கள் கிணற்றுமேட்டு மோட்டாரின் அதே இனம், இருநூறு மடங்குக்கு மேல் பெரிது. கம்பியிலிருந்து வரும் ஒற்றை ஃபேஸை டிசியாக்கி, அந்த டிசியிலிருந்து வேண்டிய அதிர்வெண்ணில் மூன்று ஃபேஸை இன்வெர்ட்டர் உண்டாக்குகிறது. வண்டி கிளம்பும்போது படிப்படியாக ஏறும் ஒரு ஊளை கேட்கும். அது இன்வெர்ட்டரின் சுவிட்சிங் முறை வேகத்தோடு மாறும் ஒலி. 2023 செப்டம்பர் 24 அன்று ஓடத் தொடங்கிய சென்னை – திருநெல்வேலி வந்தே பாரத்துக்கும் விழுப்புரம் ஒரு நிறுத்தம். பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் உருவான ரயில் அது. தனி என்ஜின் இல்லை, மோட்டார்கள் பெட்டிகளின் அடியிலேயே இருக்கின்றன. பிரேக் பிடிக்கும்போது அவையே ஜெனரேட்டராகி மின்சாரத்தைக் கம்பிக்குத் திருப்பி அனுப்புகின்றன.

சரி, இண்டக்‌ஷன் மோட்டாரை டிசி மோட்டார் மாதிரி சொன்னபடி கேட்கவைத்தது எப்படி? இந்த இடத்தில் நிதானமாக வாருங்கள். துறையே இதில்தான் நிற்கிறது.

டிசி மோட்டாரில் காந்தப்புலத்துக்கு ஒரு கரண்ட், முறுக்குவிசைக்கு ஒரு கரண்ட், இரண்டும் தனித்தனி ஒயரில் வருகின்றன. இண்டக்‌ஷன் மோட்டாரில் இரண்டும் ஒரே ஸ்டேட்டர் கரண்ட்டுக்குள் கலந்து கிடக்கின்றன. போதாததற்கு மூன்று ஃபேஸிலும் அது ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. மயிலம் பங்குனி உத்திரத்தில் ராட்டினம் பார்த்திருப்பீர்கள். கீழே நின்று பார்த்தால் குதிரைகள் வந்து வந்து போகும். நீங்களும் ஒரு குதிரைமேல் ஏறிக்கொண்டால் பக்கத்துக் குதிரை அசையாமல் நிற்கும். காந்தப்புலத்தோடு சேர்ந்து சுற்றும் ஒரு சட்டகத்தில் ஏறி உட்கார்ந்து கரண்ட்டைப் பார்த்தால், அந்த ஏறி இறங்கும் மூன்று அலைகளும் இரண்டு நிலையான எண்களாகிவிடுகின்றன. ஒன்று புலத்தை உண்டாக்குவது, மற்றது விசையை உண்டாக்குவது. இரண்டையும் தனித்தனியே திருகலாம்.

மூன்றை இரண்டாக்கும் கணக்கு எடித் கிளார்க் என்ற பெண்ணின் பெயரில் இருக்கிறது. அமெரிக்காவில் மேரிலாண்ட் பக்கம் பண்ணை வீட்டில் 1883-ல் பிறந்து, சிறுவயதிலேயே பெற்றோரை இழந்தவர். 1919-ல் எம்.ஐ.டி.யில் மின்பொறியியலில் முதுகலைப் பட்டம் பெற்ற முதல் பெண். பட்டம் கையில் இருந்தும் பொறியாளர் வேலை கிடைக்கவில்லை. ஜெனரல் எலக்ட்ரிக்கில் கணக்குப் போடும் பெண்களை மேற்பார்க்கும் வேலைதான் கொடுத்தார்கள். அதை விட்டு இஸ்தான்புல்லில் போய் இயற்பியல் கற்பித்த பிறகுதான், 1922-ல் அதே நிறுவனம் அவரைப் பொறியாளராக எடுத்தது. சுழலும் சட்டகத்தில் ஏறி உட்காரும் கணக்கு ராபர்ட் பார்க் 1929-ல் கொடுத்தது, அவரும் அதே நிறுவனத்துக்காரர். இந்த இரண்டையும் கொண்டு மோட்டாரைக் கட்டுப்படுத்தலாம் என்ற யோசனை ஜெர்மனியில் பிறந்தது. டார்ம்ஸ்டாட்டில் ஹாஸ்ஸ என்பவர் 1969-ல் முனைவர் பட்டத்துக்கு எழுதிய ஆய்வேட்டில் ஒரு வடிவம். சீமென்ஸில் ஃபெலிக்ஸ் பிளாஷ்க 1970களின் தொடக்கத்தில் வெளியிட்டதில் இன்னொரு வடிவம். இன்று உங்கள் அண்ணன் ஓட்டும் எலக்ட்ரிக் ஸ்கூட்டரின் கன்ட்ரோலருக்குள் நொடிக்குப் பத்தாயிரம் முறைக்கு மேல் ஓடும் கணக்கு ஒரு மாணவரின் ஆய்வேட்டில் தொடங்கியது. ஆய்வுப் படிப்பு என்றாலே அலமாரியில் தூசி படியும் தடித்த புத்தகம் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

கணக்கு இருந்தும் அன்றைக்கு அதை ஓட்ட மைக்ரோபிராசஸர் இல்லை. நல்ல சுவிட்சும் இல்லை. தைரிஸ்டரை ஆன் செய்வது எளிது, ஆஃப் செய்வதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். இந்த இடத்தில் நம்மூர்க்காரர் ஒருவர் வருகிறார். ஜெயந்த் பாலிகா 1948-ல் சென்னையில் பிறந்தவர், 1969-ல் ஐ.ஐ.டி. மெட்ராஸில் பி.டெக். முடித்தவர். அமெரிக்காவில் ரென்சலேர் கல்லூரியில் 1974-ல் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு ஜெனரல் எலக்ட்ரிக்கின் ஆய்வுக்கூடத்தில் பவர் செமிகண்டக்டர் பிரிவில் சேர்ந்தார். செமிகண்டக்டர் ஆராய்ச்சியாளர்கள் எல்லாம் சின்னச் சின்ன சிப்புகளின் பின்னால் ஓடிய காலம் அது. பவர் டிவைஸில் இனி என்ன இருக்கிறது என்ற இளக்காரம் இருந்தது. ஹீட் பம்பின் மோட்டார் வேகத்தை மாற்ற ஒரு மலிவான, உறுதியான சுவிட்ச் வேண்டும் என்று நிறுவனத்துக்குத் தேவை வந்தது. ஐ.ஜி.பி.டி. என்ற சுவிட்சைப் பாலிகா உருவாக்கியதில் அந்தத் தேவைக்குப் பெரிய பங்கு உண்டு. வந்தே பாரத்தின் அடியிலும், சர்க்கரை ஆலையின் டிரைவ் பேனலிலும், கார்களின் இன்வெர்ட்டரிலும் இருப்பது அதுதான். 2024-ல் பின்லாந்தின் மில்லேனியம் டெக்னாலஜி பரிசு அவருக்கு வந்தது. நம் பத்திரிகைகளில் அது சின்னச் செய்தியாகப் போய்விட்டது. ஒரு திரைப்பட டீசருக்குக் கொடுத்த இடத்தில் கால்வாசி கொடுத்திருக்கலாம்.

இனி உங்கள் விஷயம்.

எம்.இ.க்கு அண்ணா பல்கலைக்கழகம் என்றால் டான்செட் இருந்த இடத்தில் 2023 முதல் சீட்டா தேர்வு. ஐ.ஐ.டி., என்.ஐ.டி., பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி. என்றால் கேட். கேட் மதிப்பெண்ணோடு முதுகலையில் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. முனைவர் ஆய்வில் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000, அதன் பிறகு 42,000. 2023 ஜனவரி முதல் இதுதான் அளவு. உதவித்தொகை சில மாதம் தாமதமாகவும் வரும், அதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஐ.ஐ.டி. மெட்ராஸில் எம்.எஸ். என்றொரு ஆய்வு முதுகலை இருக்கிறது. பாடம் குறைவு, ஆய்வு அதிகம். மோட்டார் கன்ட்ரோலுக்கு எம்.டெக்.கைவிட அது பொருத்தம் என்பது என் கருத்து. 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் 2021-ல் உள்ளே வந்த அரசுப் பள்ளி மாணவர்களின் முதல் அணி 2025-ல் பட்டம் வாங்கிவிட்டது. இளங்கலைக்கு அரசு கட்டணம் கட்டியது. அடுத்த படிக்குக் கேட் எழுதினால் படித்துக்கொண்டே பணமும் வரும் என்பது அவர்களில் பலருக்கு யாரும் சொல்லாத செய்தி. நீங்கள் போய்ச் சொல்லுங்கள்.

கைடைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் எத்தனை கட்டுரை போட்டிருக்கிறார் என்று மட்டும் பார்க்காதீர்கள். லேபுக்குள் போய்ப் பாருங்கள். ஆஸிலோஸ்கோப் மேலே உறை போர்த்தியிருக்கிறதா, இல்லை யாராவது பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்களா? மோட்டாருக்குச் சுமை கொடுக்க டைனமோமீட்டர் உண்டா? குப்பைத்தொட்டியில் வெடித்த மாஸ்ஃபெட் கிடக்கிறதா? கிடந்தால் அங்கேயே சேர்ந்துவிடுங்கள்.

என் நிபந்தனைக்குக் காரணம் சொல்கிறேன். சிமுலேஷனில் மட்டும் ஓடிய மோட்டார் கன்ட்ரோல் ஆய்வு நம் மாநிலத்தில் ஏராளம். ஒரு பி.ஐ. கன்ட்ரோலரை எடுத்துக்கொள்வார்கள். அதன் இரண்டு எண்களைக் கண்டுபிடிக்க முதலில் ஃபஸி லாஜிக் வந்தது, பிறகு எறும்பு, வௌவால், ஓநாய், திமிங்கலம் என்று ஒவ்வொரு ஜீவராசியின் பெயரிலும் ஒரு வழிமுறை வந்தது. கடைசிப் பக்கத்தில் இரண்டு கோடுகள், நம்முடையது கொஞ்சம் நேராக இருக்கும். அந்த மோட்டார் சூடானதில்லை, அதன் பேரிங் தேய்ந்ததில்லை, அதன் கரண்ட் சென்சார் பொய் சொன்னதில்லை.

நிஜத்தில் என்ன நடக்கிறது என்று ஒரே ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். இன்வெர்ட்டரின் ஒரு காலில் மேலும் கீழும் இரண்டு சுவிட்ச். இரண்டும் ஒரே நேரத்தில் ஆன் ஆனால் டிசி பஸ் ஷார்ட்டாகி வெடிக்கும். அதனால் ஒன்று ஆஃப் ஆகி மற்றது ஆன் ஆவதற்குள் 2 மைக்ரோ நொடி இடைவெளி விடுவோம். இதுதான் டெட் டைம். டிசி பஸ் 560 வோல்ட், நொடிக்கு 10,000 முறை சுவிட்சிங் என்றால், அந்த இடைவெளியால் மட்டும் சராசரியாக 11 வோல்ட்டுக்கு மேல் பிழை வருகிறது. 50 ஹெர்ட்ஸில் ஓடும்போது இது தூசு. ஆனால் 2 ஹெர்ட்ஸில் மெதுவாகச் சுற்றும்போது மோட்டாருக்குக் கொடுக்க வேண்டிய வோல்ட்டேஜே ஏறக்குறைய அவ்வளவுதான். மோட்டார் நடுங்கும், திக்கும், சில நேரம் எதிர்த்திசையில் ஒரு அடி வைக்கும். இதோடு செம்புக் கம்பியின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் 0.39 விழுக்காடு ஏறுகிறது. காலையில் குளிர்ந்த மோட்டாரில் அளந்த எண், 100 டிகிரி சூடேறியபின் 39 விழுக்காடு தப்பு. சென்சார் இல்லாமல் ரோட்டார் எங்கே இருக்கிறது என்று கணிக்கும் வழிமுறைகளில் பல அந்த எண்ணை நம்பித்தான் ஓடுகின்றன. சிமுலேஷன் மென்பொருளில் நீங்களாகச் சேர்க்கும்வரை டெட் டைம் கிடையாது, கம்பியும் சூடேறாது. இந்த இரண்டு தொல்லைகளோடு ஆறு மாதம் மல்லுக்கட்டியவரையும் கட்டாதவரையும் நேர்காணலில் ஐந்து நிமிடத்தில் பிரித்துவிடலாம். நான் பிரிக்கிறேன்.

செலவைப் பற்றிப் பயப்பட வேண்டாம். தொடக்கத்திலேயே 560 வோல்ட்டில் கைவைக்காதீர்கள், வைக்கவும் கூடாது. அணைத்த பிறகும் டிசி பஸ் கெபாசிட்டரில் ஆளைக் கொல்லும் அளவு மின்சாரம் நிற்கும். 24 வோல்ட் சின்ன பி.எம்.எஸ்.எம். மோட்டார் ஒன்று, டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் சி2000 அல்லது எஸ்.டி.எம்.32 பழகுபலகை ஒன்று, சின்ன இன்வெர்ட்டர் போர்டு ஒன்று. நான்கு பேர் சேர்ந்து போட்டால் ஒரு ஸ்மார்ட்போன் விலைகூட ஆகாது. ஸ்வீடன்காரர் பெஞ்சமின் வெட்டர் தன் வெஸ்க் கன்ட்ரோலரின் நிரல் முழுவதையும் யாரும் படிக்கும்படி திறந்துவைத்திருக்கிறார். என்.பி.டி.இ.எல். பாடங்கள் காசில்லாமல் கிடைக்கின்றன. புத்தகம் என்றால் வர்ஜினியா டெக்கின் ஆர். கிருஷ்ணன் 2001-ல் எழுதிய 'எலக்ட்ரிக் மோட்டார் டிரைவ்ஸ்' முதலில். பிமல் போஸின் புத்தகம் அதற்குப் பிறகு. ஆங்கிலம் தடுமாறினால் சமன்பாடுகளைப் பிடித்துக்கொண்டு போங்கள், மொழி பின்னால் வந்து சேரும்.

தலைப்புக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். கொட்டகைக்கே திரும்பலாம். 2019-ல் வந்த பி.எம். குசும் திட்டத்தில் வேளாண்மைப் பொறியியல் துறை மானியத்தில் சோலார் பம்பு போட்டுக்கொடுக்கிறது. பேனலின் டிசியை ஒரு கன்ட்ரோலர் மூன்று ஃபேஸாக மாற்றி, வெயிலுக்குத் தக்கபடி வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறது. வேகத்தை 80 விழுக்காடாகக் குறைத்தால் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகும் என்று விற்பனைத் தாள்களில் எழுதியிருக்கும். மின்விசிறிக்கும் சுற்றோட்ட பம்புக்கும் சரி. 200 அடி ஆழத்திலிருந்து தூக்கும் போர் பம்புக்குச் சரியில்லை. ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே போனால் மோட்டார் சுற்றும், கரண்ட் எடுக்கும், தண்ணீர் மட்டும் மேலே வராது. காலை வேளையில் எத்தனை பம்புகள் இப்படி வெறுமனே சுற்றுகின்றன? கரண்ட்டை மட்டும் பார்த்து, தண்ணீர் வருகிறதா இல்லையா என்று கன்ட்ரோலரே கண்டுபிடிக்க முடியுமா? வானூரிலும் மரக்காணத்திலும் அளந்து பார்க்கலாம்.

இதைவிட எனக்குப் பிடித்த தலைப்பு ஒன்று உண்டு. ஐ.ஜி.பி.டி. மைக்ரோ நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் ஆன் ஆகிவிடும். அவ்வளவு செங்குத்தான வோல்ட்டேஜ் அலை நீளமான கேபிளில் போனால் மோட்டார் முனையில் மோதித் திரும்புகிறது. மோதும் இடத்தில் வோல்ட்டேஜ் இரட்டிப்பாகும். 560 வோல்ட் பஸ்ஸில் ஆயிரத்துக்கு மேல் அடிக்கும், அதுவும் நொடிக்குப் பல ஆயிரம் முறை. கேபிள் சில பத்து மீட்டர் இருந்தாலே போதும். நம் போர்வெல் சப்மெர்சிபிளுக்குக் கேபிள் அதைவிட எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரியும். அந்த அடியில் பெரும்பங்கை முதல் காயிலின் முதல் சில சுற்றுகளே வாங்கிக்கொள்கின்றன. வைண்டிங் மேஸ்திரியிடம் போய், "வி.எஃப்.டி.யில ஓடின மோட்டார் எங்க அடிபடுது?" என்று கேளுங்கள். லீடு ஒயர் பக்கத்துச் சுற்றுகளில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்த காயில் அவர் கடையில் இருந்தால், காரணத்தை எழுத வேண்டியவர் நீங்கள். எந்த எனாமல் தாங்கும், எவ்வளவு சின்ன ஃபில்டர் போதும், சுவிட்சிங்கை எவ்வளவு மெதுவாக்கினால் இன்வெர்ட்டர் சூட்டுக்கும் காயில் ஆயுளுக்கும் ஒத்துவரும் என்று மூன்று அத்தியாயம் வரும். முடிவு மேஸ்திரிக்கும் பயன்படும், ஐ.இ.இ.இ. பத்திரிகைக்கும் போகும்.

கடைசியாக உலக விவகாரம் ஒன்று. 2025 ஏப்ரலில் சீனா டிஸ்ப்ரோசியம், டெர்பியம் உள்ளிட்ட ஏழு அரிய மண் தனிமங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. அவற்றைச் சேர்த்துச் செய்யும் மோட்டார் காந்தம் வராமல் நம் ஸ்கூட்டர் கம்பெனிகளுக்கு மூச்சு முட்டியது. காந்தமே இல்லாத ரிலக்டன்ஸ் மோட்டார்களின் பக்கம் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த வகை மோட்டார் செய்வது எளிது. ஆனால் ஓசையும் நடுக்கமும் அதிகம், கட்டுப்படுத்துவதுதான் கஷ்டம். கஷ்டம் முழுவதும் கன்ட்ரோல் பொறியாளர் தலையில் விழுகிறது என்றால் வேலை எங்கே இருக்கிறது என்று புரிந்திருக்கும்.

வேலை என்றதும் காது நிமிர்ந்திருக்கும். திண்டிவனத்தில் ரயிலேறினால் செங்கல்பட்டு தாண்டிப் பரனூர், பக்கத்திலேயே மகிந்திராவின் ஆராய்ச்சி வளாகம். ஒரகடத்தில் டான்ஃபாஸின் டிரைவ்ஸ் ஆலையும், வண்டிகளைச் சோதிக்கும் ஜி.ஏ.ஆர்.சி. மையமும் இருக்கின்றன. ஓசூரில் டி.வி.எஸ்.ஸும், ஐ.ஐ.டி. மெட்ராஸ் முன்னாள் மாணவர்கள் இருவர் 2013-ல் தொடங்கிய ஏத்தரின் ஆலையும். கோயம்புத்தூரின் வெர்சா டிரைவ்ஸ் 75 வாட் சீலிங் ஃபேன் இருந்த இடத்தில் 35 வாட் பி.எல்.டி.சி. சூப்பர்ஃபேனை 2012-லேயே கொண்டுவந்தது. நட்சத்திர முத்திரை ஃபேன்களுக்குக் கட்டாயமானது 2023-ல்தான். இங்கெல்லாம் உங்களிடம் கேட்கப்போவது மூன்று: சி மொழியில் நிரல் எழுதத் தெரியுமா, சர்க்யூட்டைப் பார்த்துப் பிழை கண்டுபிடிக்கத் தெரியுமா, ஆஸிலோஸ்கோப்பில் ஒரு கரண்ட் அலையைக் காட்டினால் அந்த மோட்டாருக்கு என்ன கோளாறு என்று சொல்வீர்களா. ஐ.டி. சம்பளத்தோடு ஒப்பிட்டால் முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் கையில் குறைவாகத்தான் வரும். அதை மறைத்து உங்களை இழுக்க நான் விரும்பவில்லை.

தங்கைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 'பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு மோட்டாரு, சாஃப்ட்வேருக்குப் போ' என்று வீட்டிலும் சொல்வார்கள், சில நேரம் கல்லூரியிலும் சொல்வார்கள். மோட்டார் கன்ட்ரோலில் நாள் முழுவதும் செய்வது நிரல் எழுதுவதும் அளப்பதும்தான். என் குழுவில் டெஸ்ட் பெஞ்சில் கறாராக நிற்பவர்கள் பெண்கள். எடித் கிளார்க்கின் கதையை வீட்டில் சொல்லிப் பாருங்கள். எடுபடாவிட்டால் ஸ்டைபண்டு தொகையைச் சொல்லுங்கள்.

இப்போது உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு விழுப்புரத்திலும் பாண்டிச்சேரியிலும் சென்னையிலும் ப்ராஜெக்ட் சென்டர்கள் கடை விரித்திருக்கின்றன. பணத்தைக் கட்டினால் தலைப்பு, நிரல், கிட், ரிப்போர்ட், வைவாவுக்குப் பதில் எல்லாம் ஒரே பையில் வரும். இந்த ஆண்டு அங்கே போகாதீர்கள். அந்தப் பணத்தைக் கொண்டு ஒரு பழைய மோட்டாரும் ஒரு பழகுபலகையும் வாங்குங்கள். நான்கு பேராகச் சேர்ந்து ஒரு வைண்டிங் கடையில் ஒரு வாரம் உட்கார்ந்து, எந்த மோட்டார் ஏன் எரிந்து வந்தது என்று நோட்டில் எழுதுங்கள். தலைப்பைத் துறையில் கொடுக்கும்போது, எந்த மோட்டாரில் செய்யப்போகிறீர்களோ அதன் பெயர்ப்பலகை எண்களையும் அதே தாளில் எழுதிக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஒலக்கூர் அண்ணன்